குறிவட்டத்தில் நின்ற விமானம்

அடியே, நின்றுவிட்டது! திரையில் எதிரி விமானம் முழு வட்டமும் திரும்பி முடிக்கும்வரை நம் போர் விமானத்தின் குறிவட்டத்தை விட்டு விலகவே இல்லை!

நான் கத்திய கத்தலில், வயலில் களை பறித்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். உள்ளங்கையில் இன்னும் ரப்பர் வாசனை. ஜாய்ஸ்டிக் வழுக்குகிறதென்று நீ சுற்றிவிட்ட சைக்கிள் ட்யூப்தான். காய்ச்சலில் நீ போன பிறகும் அதை நான் பிரிக்கவில்லை.

நிலம் எங்கள் அப்பாவுடையது, குத்தகை உங்கள் அப்பாவுடையது. இருவரும் தஞ்சாவூர் கோர்ட்டில் முறைத்துக்கொண்டு நிற்க, நாம் அதே வயலின் மோட்டார் கொட்டகையில் லேப்டாப்பைத் திறந்து வேறொரு சண்டை போட்டோம். யூடியூப் பார்த்து நாமே எழுதிய போர் விமான சிமுலேட்டர். எதிரி விமானத்தை ஜாய்ஸ்டிக்கால் ஓட்டுவோம்; நம் விமானம் நாம் எழுதிய நிரலின்படி தானே துரத்தி, அதைக் குறிவட்டத்துக்குள் பிடிக்க வேண்டும். இலக்கு விலகினால் விமானத்தின் மூக்கைப் பலமாகத் திருப்ப வேண்டும் என்பது என் கட்சி. திரும்பும், இலக்கைத் தாண்டும், மறுபடி திரும்பும், நிற்காமல் நடுங்கும்.

"சேத்துல டிராக்டர இப்படித்தான் ஓட்டுவியாடி? நேரா வர்றதுக்கு முன்னாடியே ஸ்டீயரிங்க விடணும். இல்லன்னா வரப்பு மேல ஏறிடும்."

நீ சொன்னபடி, மூக்கு திரும்பும் வேகத்தை அளந்து அதற்கொரு பிரேக் போட்டோம். நடுக்கம் நின்றது. ஆனால் எதிரி சட்டென்று திரும்பினால் நம் விமானம் பின்தங்கியது.

"உன் பிளேன் நெல்லு மூட்ட ஏத்துன மாட்டு வண்டி," என்றேன்.

"உன்னுது சாமி வந்து ஆடுது. போடி!"

நீ எழுதியதை நான் அழிப்பேன், நான் எழுதியதை நீ. யார் சரி என்று முடிவாகும் முன்பே போய்விட்டாய்.

ஒன்றைத்தான் வைக்க வேண்டும் என்று யார் சொன்னது? கோர்ட்டைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்! இலக்கு வட்டத்துக்கு வெளியே ஓடினால் என் பலம். நெருங்க நெருங்க உன் பிரேக். இன்று அப்படி எழுதினேன். அவ்வளவுதான், நின்றுவிட்டது!

லேப்டாப்போடு உங்கள் வீட்டுக்கு ஓடினேன். கேஸ் தொடங்கியதிலிருந்து உங்கள் அப்பா என்னோடு பேசியதில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல எம்பொண்ணு போட்டது எதும்மா?"

"கிட்ட வந்ததும் ஆடாம நிக்குதே, அதுதாங்க."

"இன்னொரு தடவ போடு."

போட்டேன். நின்றது. மறுபடியும் போடச் சொன்னார்.

இப்போதும் எதிலாவது அவசரப்பட்டால், உன் குரல் வந்து என் பிடியைத் தளர்த்துகிறது.

நம் இருவர் பெயரிலும் சிமுலேட்டரை இணையத்தில் ஏற்றிவிட்டேன். இதைப் படிப்பவர்களே, இறக்கிக்கொள்ளுங்கள், விமானப் பைத்தியம் பிடித்த உங்கள் நண்பர்களுக்கும் அனுப்புங்கள். எதிரி விமானத்தை ஓட்டி, எங்கள் வட்டத்திலிருந்து தப்பப் பாருங்கள். யாராவது தப்பிவிட்டால் உடனே எனக்கு எழுதுங்கள். இவளோடு மறுபடி சண்டை போட எனக்கு ஒரு சாக்கு வேண்டும்.