மலைக்கு அளவெடுக்கப் போன அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவும் நானும் இங்கே சுகம். அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதும் கடிதம் வழக்கம்போல வரும். இது அவர் தூங்கிய பிறகு, தையல் மெஷின் விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு எழுதுவது. எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

நீ உச்சிக்கு ஏறப் போவதை அப்பாவிடம் சொல்லாதே என்றாய், நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர், "என் பொண்ணு கீழ நின்னே மலைக்கு அளவெடுத்துடுவா" என்று சொல்லும்போது நான் நூல்கண்டு தேடுவதுபோல உள்ளே போய்விடுகிறேன். நீதானே அதை அவருக்குக் காட்டினாய். ஆளைத் தொடாமல் எப்படி அளவெடுப்பது என்று அவர் கேட்டதற்கு, தெருவில் டேப்பை நீட்டி, அதன் இரண்டு முனையிலும் நின்று எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கோணமானியில் பார்த்து, உயரத்தைக் கணக்குப் போட்டாயே. இன்னொரு நாள், வெட்டும் மேசையில் துணியை இரு பக்கமும் தள்ளினாய், நடுவில் மடிப்பு எழுந்தது. இரண்டு நிலத்தட்டுகள் இப்படி முட்டித்தான் கடலடி மண் மலையாக எழுந்தது, இன்னும் முட்டுகிறது, இன்னும் வளர்கிறது என்றாய். அப்பா, "கஸ்டமர் துணிம்மா அது, உன் மலைக்கு நீயே இஸ்திரி போடு" என்றார். அப்புறம், "வளர்ற புள்ளைன்னா ஒரு விரல் கூட விட்டு எழுது" என்றார். எப்படிச் சிரித்தோம். இப்போதெல்லாம் மேசையில் யாரும் துணியைக் கசக்குவதில்லை.

உச்சியில் ஜிபிஎஸ் கருவியை வைக்க வேண்டும், பனியின் ஆழத்தையும் பார்க்க வேண்டும் என்று நீ சொன்னது புரிகிறது. ஆனாலும் பயமாக இருக்கிறது. இன்று பள்ளி விட்டு வந்தபோது அப்பா கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு, பஞ்சு வைத்த கோட்டு தைத்துக்கொண்டிருந்தார். உன் அளவு, கை மட்டும் நீளம். தப்பாக வெட்டிவிட்டீர்களா என்று கேட்டேன். "கயிறு புடிச்சு ஏறுறப்ப மணிக்கட்டு வெளிய தெரியக் கூடாதுல்ல" என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். கயிறு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை அக்கா. நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாத, ஏறுற புள்ள மனசு கலங்கும்" என்றார்.

நாளைக்கும் வருகிறவர்களிடம் நீ கீழேதான் நிற்கிறாய் என்றுதான் சொல்வார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றும் தெரியாதவள்போல இருக்க என்னால் முடியவில்லை. நீயே அவரைப் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிடு.

ஒன்றும் ஆகாமல் நல்லபடியாக இறங்கி வா. காலையில் பார்சல் கிளம்புகிறது, கோட்டு கைக்கு வந்த பிறகுதான் ஏற வேண்டும்.

உன் தங்கை,
வாலு