வாய்க்காலுக்குள்ள ரெண்டு முடிச்சு

என் கோவக்கார மாமாவுக்கு,

நீ போயி வருசம் ஒண்ணு ஆவப்போவுது. படத்துக்கு மாலை போட்டு, ரெண்டு நல்ல வார்த்தை சொல்லி அழலாம்னுதான் உக்காந்தேன். வரலைய்யா. வாயைத் தொறந்தா திட்டுதான் வருது. அதனால எழுதறேன். ஏரிக்கரை டீக்கடை பலகையில வாய்க்காலைத் தொறக்கச் சொல்லி மனு மனுவா ஒட்டுவியே, அங்கேயே இதையும் ஒட்டப்போறேன். ஊரே படிக்கட்டும்.

மொதல்ல நல்ல சேதி. நம்ம மேட்டேரி ரொம்பி வழிஞ்சு கோடி போயிடுச்சு! விடாம மழை. மிச்சத் தண்ணி போற கலங்கல் மேல தண்ணி வெள்ளையா வழியுது. நீ இருந்தா மஞ்சள், குங்குமம், பூவுன்னு தட்டை எடுத்துக்கினு வேட்டி அவுந்தது தெரியாம ஓடியிருப்ப. இந்த வாட்டி நான்தான் போயி பூ விட்டேன். நெமிலிச்சேரி ஸ்டேஷன்ல எறங்கி வந்த ஜனமெல்லாம் நின்னு செல்போன்ல படம் புடிச்சிது. அரை மணி நேரம் எல்லாருக்கும் சந்தோசம். அப்பால அந்தத் தண்ணி நேரா நம்ம தெருவுக்குள்ள வந்துச்சு.

படிக்கிறவங்களுக்காக ஒரு தரம் சொல்லிடறேன். உன் வாயால கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். மேட்டேரி ரொம்பினா நடுவேரிக்குப் போவும், நடுவேரி ரொம்பினா தாங்கலுக்குப் போவும். எந்த ராஜா காலத்துலயோ வெட்டுன வரிசை. இப்போ நடுவேரியில ஃபிளாட்டு, தாங்கல்ல லாரி ஷெட்டு. மேட்டுல கெடந்த ஒண்ணு மட்டும் தப்பிச்சிது. அதுல மிச்சமாவுற தண்ணி வெளியே போவ கீறது, நம்ம ஊட்டுப் பின்னாடி போற வாய்க்கால் ஒண்ணுதான். அந்த வாய்க்காலை ஆளாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள தள்ளி, இப்போ எருமை திரும்ப எடமில்லை.

ஃபிளாட்டுல செகரெட்டரியா ஒரு பொண்ணு கீது, ரம்யான்னு. ஐடி கம்பெனி. முட்டி அளவு தண்ணியில நடந்து ஊட்டுக்கு வந்துச்சு. "ஆன்ட்டி, எங்க ஆளுங்க ஏரிக்கரையை வெட்டி விட்டுடலாம்னு சொல்றாங்க. அதை முடிவு பண்ண ஆபீசர்ங்க திங்கட்கிழமை வராங்க. வாய்க்கால் தொறந்தா கரையை வெட்ட வேணாம்னு நான் சொன்னேன், ஒருத்தர் கூட வாய்க்கால்ல கட்டுன செவுரை இடிக்க ஒத்துக்க மாட்டேங்குறாங்க. அங்கிள் வாய்க்காலை அளந்து வச்ச ஃபைல் இருக்குல்ல?" அப்படீன்னுது.

கரையை வெட்டுறதா! எனக்கு வந்துதே கோவம். வெட்டுனா ஏரி அன்னியோட காலி. அடுத்த வருசமே அங்கயும் மனைக்கல்லு நட்டுடுவானுங்க.

நேரா உன் சித்தப்பா மவன் கன்னியப்பன் ஊட்டுக்குப் போனேன். வாய்க்கால்ல கார் ஷெட்டு போட்டான்னு நீ எத்தினி வருசம் அவன்கிட்ட பேசலை? அவன் பொண்ணு கல்யாணத்துக்குக் கூட என்னை விடலையே பாவி. அன்னிக்குப் பட்டுப்பொடவையைக் கட்டிக்கினு நம்ம கூடத்துல உக்காந்து அழுதேன். இப்போ போயி ஷெட்டை இடின்னு கேட்டா, அந்தக் கன்னியப்பன் சிரிக்கிறான்யா. "அண்ணி, மொதல்ல உன் பாத்ரூம் எங்க கீதுன்னு அளந்து பாரு. அப்பால என் ஷெட்டுக்கு வா."

"எங்க ஊட்டுக்காரரைப் பத்தி இன்னா பேசற நீ?"ன்னு அவன் வாசல்லயே நின்னு கத்திட்டு வந்தேன். வந்த வேகத்துல கொடிக்கயிறை அவுத்தேன். என் கயிறுதான். வாய்க்கால் அளக்கறேன்னு வாய்க்கால் அகலத்துக்குச் சரியா, முழத்துக்கு ஒரு முடிச்சா போட்டு வச்சியே, அதே கயிறு. ஒரு பொடவை அதுல ஒழுங்கா நகராது. ரம்யா எதிர்க்கரை எல்லைக் கல்லுல ஒரு முனையைப் புடிச்சிது. நான் இன்னொரு முனையைப் புடிச்சிக்கினு நம்ம ஊட்டுப் பக்கம் வந்தேன். வாய்க்கால் இத்தினி முடிச்சுன்னு நீதானே ஊர் ஊரா கத்துன? கயிறு தீரலை. பாத்ரூம் செவுத்துல முட்டி நின்னேன். கையில இன்னும் ரெண்டு முடிச்சு மிச்சம். அப்போ நம்ம பாத்ரூம் ரெண்டு முடிச்சு வாய்க்காலுக்குள்ள கீது.

ரம்யா மூஞ்சியைப் பாக்க எனக்கு வெக்கமா போச்சு.

உன் ஃபைலைப் பிரிச்சேன். நீ வரைஞ்ச படம். வாய்க்கால்ல கட்டுன அத்தினி பேர் ஊட்டையும் செவப்புப் பேனாவுல சுழிச்சிருக்க. கன்னியப்பன் ஷெட்டுக்கு ரெண்டு சுழி! நம்ம ஊட்டாண்ட மட்டும் பென்சில்ல, கண்ணுக்கே தெரியாத மாதிரி, "நம்முது, ரெண்டு முடிச்சு."

தெரிஞ்சிருக்கு உனக்கு. தெரிஞ்சிக்கினேதான் ஊரை வாய்க்கு வந்தபடி பேசினியா? ஏன்யா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை? நான் இன்னா உன்னைக் கடிச்சா துன்னுடுவேன்?

அன்னிக்கு ராத்திரிதான் அந்த பாத்ரூம் கட்டுன கதை நெனப்பு வந்துச்சு. அப்போ நம்ம பெரிய பொண்ணு என் வயித்துல கீறா, எட்டாம் மாசம். கரை ஓரம் முள்ளுச்செடி மறைவுக்குப் போன எடத்துல பாம்பைப் பாத்துட்டு விழுந்து எழுந்து ஓடியாந்தேன். மறுநாளே பாடியில கீற ஃபேக்டரிக்கு லீவு போட்டுட்டு நீயே செங்கல் அடுக்குன. கொத்து வேலை தெரியாது, செவுரு கோணல். சோப்பு மாடத்தை உன் உயரத்துக்கு வச்சிட்ட. எனக்கு எட்டாது. இத்தினி வருசமா குதிகாலைத் தூக்கிக்கினுதான் சோப்பு எடுக்கறேன், தெனம் உன்னைத் திட்டிக்கினு.

எனக்காகக் கட்டுனத எப்படி இடின்னு சொல்றதுன்னுதான் வாயை மூடிக்கினு இருந்தியா? இல்ல, ஊரு சிரிக்கும்னு பயமா? எதுவா இருந்தாலும் நீ சொல்லியிருக்கணும் மாமா. உன் மேல எனக்குக் கோவம் தீரலை. நீ இல்லாதது அதைவிட ஆத்திரமா கீது.

நேத்து கன்னியப்பன்கிட்ட போயி, "நீ சொன்னது நெசம். திங்கக்கிழமை ஆபீசர் முன்னாடி மொதல் அடி என் செவுத்துல. ரெண்டாவது அடி உன் ஷெட்டுல. சரியா?"ன்னேன். "கடப்பாரை என்கிட்ட கீது, அண்ணி"ன்னான்.

புது பாத்ரூம் ஊட்டுக்குள்ளயே, நீ ஃபைல் அடுக்கியிருந்த மூலையில வருது. ஃபைலை ரம்யாகிட்ட குடுத்துட்டேன். நம்ம ஊட்டைச் செவப்புப் பேனாவுல சுழிச்சிட்டுதான் குடுத்தேன். சோப்பு மாடம் எனக்கு எட்டுற உயரத்துக்கு வைக்கச் சொல்லியிருக்கேன்.

மேட்டேரிக் கரையில ஒரு மம்முட்டி விழ விடமாட்டேன், இது சத்தியம். அடுத்த வாட்டி கோடி போனா, தண்ணி நம்ம ஊட்டுப் பின்னாடி நேரா போவும். நான் பூ விடுவேன்.

இன்னிக்குக் காலையில கடைசியா அங்க குளிச்சேன். குதிகாலைத் தூக்கி, திட்டிக்கினேதான் சோப்பு எடுத்தேன். திரும்ப அங்கயே வச்சிட்டு வந்துட்டேன்.

இப்படிக்கு,
உன் மாமன் பொண்ணு, உன் வாயாடிப் பொண்டாட்டி,
கோமளா