நீலப் பீப்பாய்

மார்ச் 4

வண்டியை ஓட்டிக்கொண்டு போனவளுக்கு,

போனில் பேசினால் கத்துகிறேன் என்று வக்கீல் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். சரி, எழுதுகிறேன். எழுத்தில் கத்தத் தெரியாதவன் என்று நினைத்தாயோ என்னவோ.

வீடும் பட்டறையும் எனக்கு, வண்டி உனக்கு என்று பிரித்தாகிவிட்டது. கையெழுத்துப் போடும்போது நான் வாயே திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன். நான் கட்டிய அந்த ஸ்போர்ட்ஸ் காரை உன் டிரைவிங் ஸ்கூல் வாசலில் நிறுத்தி வை, காக்கை எச்சம் போடட்டும், எனக்கென்ன வந்தது. ஆனால் பெட்ரோல் பங்கில் கிடைக்கிற சாதா பெட்ரோலை மட்டும் அதில் ஊற்றாதே. பிரீமியம் என்று பெயர் வைத்து விற்கிறார்களே, அதையும் ஊற்றாதே. அந்த எஞ்சினை ரேஸ் பெட்ரோலுக்கென்றே கட்டினேன். பட்டறை மூலையில் இருக்கிற நீலப் பீப்பாயில் உள்ளதுதான் அதற்குச் சாப்பாடு. இங்கே வேறு யாரிடமும் அது கிடையாது என்பது உனக்கே தெரியும்.

கேன் எடுத்துக்கொண்டு வா. வண்டியைக் கொண்டுவராதே, பார்த்தால் வயிறெரிகிறது. வருவதற்கு முன் சொல்லிவிட்டு வா.

இன்னும் சட்டப்படி உன் கணவன்


மார்ச் 11

பீப்பாய்க்காரருக்கு,

சொல்லிவிட்டுத்தான் வந்தேன். நீங்கள் யாருடைய காருக்கோ அடியில் படுத்துக்கொண்டு, "இரு, வரேன்" என்றீர்கள். மத்தியானம் வந்தவள் விளக்குப் போடும்வரை அந்தப் பழைய டயர் மேல் காலிக் கேனோடு உட்கார்ந்திருந்தேன். அத்தை எட்டிப் பார்த்து, "ஏம்மா, பெட்ரோல் வாங்கவா வந்தே? உள்ள வாயேன், ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ" என்றார்கள். உங்கள் அம்மாவுக்கு இருக்கிற மனசில் கால்வாசி உங்களுக்கு இருந்திருந்தால் நான் ஏன் இப்படிக் கேனும் கையுமாக நிற்கப்போகிறேன்.

அப்புறம் எழுந்து வந்து பாதிக் கேன்தான் ஊற்றினீர்கள். பீப்பாய் தளும்புகிறது, எனக்குப் பாதி. "இது போதும். வெள்ளிக்கிழமை மறுபடி வா." ஏன் பாதி என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். பிரிந்துபோகிற பெண்டாட்டியிடம் மற்றவர்கள் நகையைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். நீங்கள் டேங்கைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். வாரா வாரம் நான் வந்து உங்கள் வாசலில் நிற்க வேண்டும். அவ்வளவுதானே?

கம்ப்யூட்டரில் ஏதோ மாற்றினால் சாதா பெட்ரோலிலேயே ஓடும் என்று என்னிடம் ஓட்டப் பழகுகிற ஒருவர் சொன்னார். மாற்றிக் கொடுங்கள். ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடக்கிற பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். நீங்கள் இல்லாமல் நான் ஓட்டப்போகிற முதல் பந்தயம். அதற்கு உங்கள் பீப்பாயும் இல்லாமல் போக வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

டயர் மேல் உட்கார்ந்திருந்தவள்


மார்ச் 15

அறிவாளிக்கு,

கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாமல் உன்னிடம் படிக்க வருகிறவன் உனக்கு எஞ்சின் பாடம் எடுக்கிறான். பேஷ்.

காது கொடுத்துக் கேள், ஒருதரம்தான் சொல்வேன். நீலப் பீப்பாயில் இருப்பது ஆக்டேன் அதிகமான பெட்ரோல். ஆக்டேன் அதிகம் என்றால் பெட்ரோலுக்குப் பலம் அதிகம் என்று ஊரில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறான்கள். பலமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அது பொறுமை. பிஸ்டன் மேலே வந்து போட்டு நசுக்கும்போது, நேரம் வருவதற்கு முன்னால் தானாக வெடிக்காமல் இருக்கிற பொறுமை. நான் போட்டிருப்பது உயரமான பிஸ்டன்கள். மற்ற எஞ்சின்களைவிட இரண்டு மடங்கு ஆத்திரத்தோடு நசுக்கும், அதனால்தான் அந்த வேகம். சாதா பெட்ரோல் அதைத் தாங்காது, கண்ட நேரத்தில் வெடித்துப் பிஸ்டனை ஓட்டை போட்டுவிடும். கம்ப்யூட்டரில் எதைத் தட்டினாலும் பிஸ்டன் குட்டையாகாது, தாயே.

இன்னொன்று. கோப்பைகளை எல்லாம் அலமாரியிலேயே விட்டுப் போயிருக்கிறாய். அந்த மட்டுக்கும் உனக்கு உண்மை தெரிந்திருக்கிறது. ஜெயித்தது என் எஞ்சின். நீ ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கூடப் போய் வந்தாய்.

வெள்ளிக்கிழமை ஏன் வரவில்லை?

பீப்பாய்க்காரன்


மார்ச் 29

ஐயா,

உங்கள் பேச்சைக் கேட்காமல் சாதா பெட்ரோல் போட்டுப் பார்த்தேன். வீம்புதான். தெருவில் சமர்த்தாகத்தான் போனது. மேம்பாலத்து ஏற்றத்தில் கொஞ்சம் அழுத்தியதும் தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்குவதுபோல எஞ்சினுக்குள் ஒரு சத்தம். உடனே காலை எடுத்து, ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்தேன். நீங்கள் சொன்னது சரி. இந்த வரியைப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன், சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள்.

சந்தோஷம் முடிந்ததா? இப்போது மீதியைக் கேளுங்கள். பொறுமை என்றால் என்ன என்று எனக்கே பாடம் எடுக்கிறீர்கள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் நசுக்க நசுக்க வெடிக்காமல் இருந்தது யார் என்று உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

வண்டியைச் சுருட்டையிடம் விட்டிருக்கிறேன். ஆமாம், உங்களிடம் வேலை பார்த்து, நீங்கள் ஸ்பேனரை விட்டெறிந்த அன்று பட்டறையைவிட்டுப் போன அதே சுருட்டைதான். தனியாகக் கடை போட்டிருக்கிறார். எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணன் கட்டின எஞ்சின் அண்ணி. கழட்டவே கை வரமாட்டேங்குது" என்று நின்றார்.

"கழட்டுங்க" என்றேன்.

உயரமான நாலும் வெளியே வருகிறது, குட்டை பிஸ்டன்கள் உள்ளே போகிறது. வேகம் குறையும் என்றார். குறையட்டும். வழியில் எந்தப் பங்கைப் பார்த்தாலும் போட்டுக்கொண்டு போகலாம்.

சுருட்டைக்கு அண்ணி, உங்களுக்கு யாரோ


ஏப்ரல் 2

அடிப்பாவி,

போயும் போயும் அவனா கிடைத்தான்? ஒரு நட்டை ஒழுங்காக முடுக்கத் தெரியாதவன் கையில் என் எஞ்சினைக் கொடுத்திருக்கிறாயே, உனக்குக் கை எப்படி வந்தது?

அந்த நாலு பிஸ்டனையும் தராசில் வைத்து வைத்துப் பார்த்து, ஒன்றுக்கொன்று கடுகளவு வித்தியாசம் இல்லாமல் தேய்த்தவன் நான். நீ காய்ச்சலில் விழுந்து கிடந்தாயே, அந்த வாரம் முழுக்கப் பட்டறையைவிட்டு நான் நகரவில்லை. அம்மா வந்து கூப்பிட்டும் போகவில்லை. யாருக்காகத் தேய்த்தேன்? எனக்கா ஓட்டத் தெரியும்? உனக்காகத்தானே!

நேற்று உன் ஸ்கூல் வாசலில் ஒரு கேன் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நிறைய ஊற்றியிருக்கிறேன். அளந்து பார்க்காதே, காசு வேண்டாம். அவன் கழட்டுவதற்கு முன்னால் போய் நிறுத்து. இல்லையென்றால் கடைசி ஞாயிறு கடைசியாகத்தான் வருவாய். ஊரே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

எஞ்சினைப் பெற்றவன்


ஏப்ரல் 27

கேன்காரருக்கு,

இத்துடன் இரண்டு சாமான். ஒன்று உங்கள் கேன், மூடியைக்கூடத் திறக்கவில்லை. இன்னொன்று அந்த நாலு பிஸ்டன். என் பழைய துப்பட்டாவில் சுற்றி வைத்திருக்கிறேன், ஒரு கீறல் இருக்காது.

பிஸ்டன் தேய்த்த வாரத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது. கஞ்சி வைத்துக் கொடுத்தது அத்தை. நீங்கள் ஒருதரம் வாசற்படிவரை வந்து, "ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுந்திருச்சிடுவேல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். அந்த ஞாயிறு பந்தயம்.

நேற்றுச் சாதா பெட்ரோல் பிரிவில் ஓட்டினேன். காலையில் தெருமுனைப் பங்கில் டேங்கை நிரப்பினேன். குழாயைப் பிடித்திருந்தவர், "எவ்வளவுக்கு மேடம்?" என்று மட்டும் கேட்டார். எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய், எவ்வளவு மீதி கொண்டுவருவாய் என்று கேட்கவில்லை. அதற்கே அவருக்கு இரண்டு முறை நன்றி சொன்னேன், மனிதர் முழித்தார்.

நாலாவதாக வந்தேன். நாலாவதுக்குக் கோப்பை கிடையாது, ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். அலமாரியில் இருக்கிற முதல் பரிசுகளை எல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் எஞ்சின் வாங்கியது. இந்த நாலாவது என்னுடையது.

சிரித்தீர்களா?

நாலாவதாக வந்தவள்


ஏப்ரல் 30

உனக்கு,

சிரிக்கத்தான் வந்தேன். உனக்குத் தெரியாமல் வந்து மூன்றாவது வளைவில் வேலியோரம் நின்றேன். சுருட்டை கட்டிய எஞ்சின் சளி பிடித்த மாதிரி இருமுகிறது. நேர்ப்பாதையில் ஆளாளுக்கு உன்னைத் தாண்டிப் போனான்கள். எனக்கு ரத்தம் கொதித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்த வளைவில் ஒருமுறைகூட நீ ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. மற்ற எல்லாரும் எடுத்தான்கள். நீ எடுக்கவில்லை. நேர்ப்பாதையில் இழந்ததை எல்லாம் அங்கே பிடித்தாய். சத்தத்தை வைத்துச் சொல்கிறேன், என் காது பொய் சொல்லாது.

நான் கட்டிய எஞ்சினில் நீ ஒருநாளும் அப்படி ஓட்டியதில்லை. சரியாக அந்த இடத்தில் காலை எடுப்பாய். உனக்கு அந்த வளைவென்றால் பயம் என்று கண்டவனிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். நீ அங்கே இழப்பதை நேர்ப்பாதையில் பிடிக்கத்தானே அவ்வளவு உயரமான பிஸ்டன் போட்டேன். அது தேவையே இல்லை என்று இப்போது தெரிந்தால் நான் என்ன செய்வது, சொல்.

பீப்பாய் அப்படியே இருக்கிறது. திறந்த பீப்பாய், கொஞ்ச நாளில் வீரியம் போய்விடும். அதைக் கேட்டு வர ஆள் இல்லை. நான் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. வண்டியை இங்கே கொண்டுவா. சாதா பெட்ரோலுக்கே நான் நல்லதாக ஒரு எஞ்சின் கட்டித் தருகிறேன். அந்த வளைவில் நீ போன போக்குக்கு, உன்னை ஒருத்தனாலும் ஜெயிக்க முடியாது.

வராவிட்டாலும் ஒன்றை மட்டும் எழுது. என் எஞ்சினில் ஏன் காலை எடுத்தாய்?

நான்


மே 3

உங்களுக்கு,

கேட்டதால் எழுதுகிறேன். பயந்துதான் எடுத்தேன். வளைவு எனக்கு எப்போதும் பிடிக்கும்.

ஓட்டி முடித்து வந்து நிறுத்தியதும் எனக்கு அடி கிடி பட்டதா என்று ஒருநாளும் நீங்கள் கேட்டதில்லை. பானெட்டைத் திறந்து எஞ்சினுக்குக் காது கொடுப்பீர்கள். அது ஏதாவது முனகியிருந்தால், நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்ப்பீர்கள். அன்று ராத்திரி சாப்பாடு இறங்காது, மறுநாளும் பேச்சிருக்காது. மூன்றாவது வளைவு வரும்போதே அந்தப் பார்வை எனக்குக் கண்ணாடியில் தெரிய ஆரம்பித்துவிடும். கால் தானாக எழும்பும்.

எஞ்சின் வேண்டாம். சுருட்டை இருமலைச் சரி பண்ணிவிட்டார். பீப்பாயை வேண்டுகிறவர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அத்தையைப் பார்க்க நான் வருவேன், நீங்கள் பட்டறையில் இருக்கிற நேரமாகப் பார்த்து வருவேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வேலியோரம் நின்றது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் காலை எடுத்திருப்பேன். அதனால் இனிமேல் அங்கே வராதீர்கள்.

ஓட்டுகிறவள்