கருத்துக் கட்டம்

ஏப். 6, ஞாயிறு. அரும்பாவூர்

காலை எட்டுக்கே சுள்ளென்று வெயில். ஐ.நா. அமைதிப்படையில் பார்வையாளர் வேலை ஒரு வருஷம் முடித்து லீவில் வந்து மூன்றாம் நாள். எழுந்ததும் இன்னும் நீலத் தொப்பியைத் தேடுகிறேன். அங்கே எங்களுக்குத் துப்பாக்கி கிடையாது. பைனாகுலர், நோட்டு, பேனா. சண்டை போடும் இரண்டு தரப்பும் சொல்வதைக் கேட்டு எழுத வேண்டும், யார் பக்கமும் சாயக்கூடாது.

வாங்க வேண்டியவை: டார்ச் செல், பாப்பாவுக்கு ஜாமெட்ரி பாக்ஸ், கொசுவலை.

கவிதா: "உங்க அண்ணன் மோட்டார் ரூம் பூட்ட மாத்திட்டாருங்க. மூணு வாரமா நம்ம மொறைக்கும் அவரே பாச்சிக்கிறாரு. நீங்க வந்து கேப்பீங்கன்னுதான் இருக்கேன்."

போர்வெல் எங்களுக்கும் அண்ணனுக்கும் பொது. ஒருநாள் விட்டு ஒருநாள், அப்பா வைத்த முறை.

ஏப். 7, திங்கள்

வயலுக்கு நானும் கவிதாவும். எங்கள் சின்ன வெங்காயம் தாள் மஞ்சள், நுனி கருகல். அண்ணன் பக்கம் ஈரம், பச்சை.

"வாடா தம்பி, எளைச்சிட்டியே! ஒன் பொஞ்சாதி மோட்டார் போட்டு காயில் எரிஞ்சு போச்சுன்னா யாரு பாக்குறது? அதான் பூட்டுனேன்."

என்னை அறியாமலே நோட்டை எடுத்துவிட்டேன். மணி, இடம், அவர் சொன்னது, இவள் சொன்னது. "எந்தத் தேதியிலேர்ந்துண்ணே?" என்று வேறு கேட்டேன். அண்ணன் சிரித்தார். "சரி, ரெண்டு பேரு சொன்னதையும் குறிச்சிக்கிட்டேன்" என்றேன். அங்கே ஒரு வருஷமும் சொன்னது இதுதான்.

"நீங்க யாரு பக்கங்க?" என்றாள் கவிதா.

"ரெண்டு பக்கமும் கேக்கணும்ல?"

வரப்பில் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள்.

ஏப். 8, செவ்வாய்

கவிதா பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அரியலூர் பஸ் ஏறிவிட்டாள். அங்கேதான் அவளுடைய அம்மா வீடு. வாசலில் சொன்னது: "எழுதி முடிச்சதும் சொல்லியனுப்புங்க."

நான் வைத்த ரசம், உப்பு அதிகம். அதைச் சொல்லவும் ஆளில்லை. அங்கே கூடாரத்தில் கானா நாட்டு மேஜர் குறட்டையாவது விடுவார். சொந்த வீட்டில்தான் இவ்வளவு தனியாக இருக்கிறேன்.

ஏப். 10, வியாழன்

புழுக்கம். மழை இல்லை. அங்கே எழுதிய அறிக்கைத் தாள் ஒன்று பெட்டியில் கிடைத்தது. பார்த்தது, கேட்டது, கருத்து என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டம் எப்போதும் காலி, அதுதான் விதி. குடிசை எரிந்த ஒரு பெண் அங்கே என்னிடம் கேட்டாள்: நீ பார்த்தாய் அல்லவா? எழுதிக்கொண்டேன். திங்கட்கிழமை கவிதா பார்த்த பார்வையும் அதேதான்.

நோட்டில் கருத்து என்று போட்டு எழுதினேன்: அண்ணன் செய்தது அநியாயம்.

நேரே போய் அவரிடமே சொன்னேன். "நீ செஞ்சது தப்புண்ணே. பூட்டத் தொற."

"பொண்டாட்டி பேச்சக் கேட்டுக்கிட்டு வந்துட்டியா? இனிமே ஒன் வாசப்படி மிதிக்க மாட்டேன்டா." சாவியைத் தரையில் எறிந்தார்.

மோட்டார் போட்டேன். தண்ணீர் எங்கள் பாத்திக்குள் வரும்வரை நின்றுவிட்டு அரியலூருக்குப் போன். பாப்பா எடுத்தாள்.

"அம்மா துணி தொவைக்கிறாங்கப்பா."

"நம்ம வயலுக்குத் தண்ணி வந்துருச்சு, பெரியப்பாகிட்ட அப்பா கேட்டுட்டேன்னு சொல்லு."

ஓடும் சத்தம். திரும்பி வரும் சத்தம்.

"குறிச்சிக்கிட்டேன்னு சொல்லச் சொன்னாங்கப்பா."