ஜாமுக்கு வரி உண்டு

சவொன்லின்னா
மே 4

அன்பு மகள் வில்யாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். நீயும் நன்றாகத்தான் இருப்பாய், என்மேல் கோபம் வந்தால் வேளாவேளைக்குச் சாப்பிடுகிற பிள்ளைதானே நீ. மூன்று வாரமாகப் போனை எடுக்கவில்லை, ஆறு தடவை அடித்துப் பார்த்துவிட்டேன், அதனால்தான் கடிதம். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. தப்பு என்னுடையது.

அன்றைக்கு நீ கூப்பிட்டபோது நான் ஆஸ்பத்திரி லிஃப்டைப் பழுது பார்க்க அதன் அடியில் குழிக்குள் படுத்திருந்தேன், வாயில் டார்ச்சு. வரிப் படிவம் வந்திருக்கிறது, காட்டுச் சதுப்பில் ஹில்லாப் பழம் பறித்துக் காய்ச்சிச் சனிக்கிழமைச் சந்தையில் விற்ற ஜாமையும் அதில் சேர்க்கப் போகிறேன் என்றாய். நான் யோசிக்கவே இல்லை. காட்டில் பறித்த பழத்துக்கு வரி கிடையாது, பச்சைப் பிள்ளைக்கும் தெரியும், லேபில் முழுநேர வேலை பார்க்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று கத்தினேன். நீ நிதானமாக, நான் விற்றது பழமில்லை, ஜாம் என்றாய். சர்க்கரை போட்டால் பழம் பழமில்லாமல் போய்விடுமா என்றேன் நான். அதற்கு நீ கேட்டாயே ஒரு கேள்வி, "சரிப்பா, பழத்துக்கு வரி இல்ல. சனி ஞாயிறுல நீங்க காசுக்கு ரிப்பேர் பண்ற படகு மோட்டாரெல்லாம் எந்தச் சதுப்புல காய்க்குது?" என்று. பட்டென்று போனை வைத்துவிட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் உன் வாயை அடைக்க ஒரு வாசகம் கிடைக்குமா என்று அந்த வரி விதிமுறையை எடுத்துப் படித்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை, புது லிஃப்டின் கையேட்டைப் படிப்பதுபோல. பறித்ததைப் பறித்தபடி விற்றால் வரி இல்லை, அதைக் காய்ச்சி வேறொன்றாக்கி விற்றால் வருமானம். நீ சொன்னது அப்படியே இருந்தது. திருகாணியைத் தொடும் முன்னே கையேட்டைப் படி என்று உனக்கு ஏழு வயதில் சொன்னவன் நான். நீ படித்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறாய், நான் படிக்காமல் கத்தியிருக்கிறேன். அன்று இரவே நீ படிவத்தை அனுப்பிவிட்டாய், சர்க்கரை, ஜாடி, சந்தையில் மேசை வாடகை எல்லாவற்றுக்கும் ரசீது வைத்துக் கழித்திருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். தொண்ணூற்றாறு ஜாடி. உன்னுடைய இந்த இருபது வயதில் எனக்குக் கைக்குழந்தையான உன்னைத் தூங்க வைக்க மட்டும்தான் தெரியும், அதுவும் சரியாக வராது.

பிறகு என் மோட்டார் நோட்டை எடுத்தேன். சனி ஞாயிறுகளில் கோடைவீட்டுக்காரர்களுக்குப் பழுது பார்த்த ஒவ்வொரு மோட்டாரின் எண்ணும், மாற்றிய பிளக்கும், போட்ட எண்ணெயும் அதில் இருக்கிறது. வாங்கிய பணம் மட்டும் இல்லை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "போல்ட்டுக்கெல்லாம் கணக்கு இருக்கு, காசு மட்டும் காத்துல வந்துச்சாக்கும்" என்று சிரித்தாள். மூன்று வருடத்தில் ஐம்பத்தெட்டு மோட்டார். வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்த்தேன், கையில் வாங்கியதை ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கேட்டேன், நேற்று மூன்று வருடத்துக்கும் திருத்தம் அனுப்பிவிட்டேன். தாமதத்துக்கும் சேர்த்துத்தான் கட்ட வேண்டியிருக்கும். சவுனாக் குளியலறைக்குப் புதுக் கூரை அடுத்த வருடம்தான். ஒழுகினால் ஒழுகட்டும், நனையத்தானே உள்ளே போகிறோம்.

இன்னொன்று. வேலையிடத்தில் காபி வேளையில் பெர்த்தி ஆரம்பித்தான், உன் பெண் ஜாமுக்கு வரி கட்டுகிறாளாமே, கொசுவுக்கு ரத்தம் கொடுத்தால் அதற்கும் கட்டுவாளா என்று. எல்லாரும் சிரித்தார்கள். "கட்டணும்னு எழுதியிருந்தா கட்டுவா. நீ படிச்சுப் பார்த்தியாடா?" என்றேன். வார இறுதியில் ரசீதே இல்லாமல் ஊரெல்லாம் குளியலறைக்கு ஓடு பதிக்கிறவன் அவன். காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனான். நவம்பரில் வரி அலுவலகம் எல்லாருடைய வருமானத்தையும் ஊரறிய வெளியிடும்போது முதலில் என் பெயரைத்தான் தேடுவான். தேடட்டும், தொகை ஏறியிருக்கும், ஏன் என்று கேட்டால் உன் பெயரைச் சொல்வேன்.

ஏரியில் பனி போய்விட்டது, படகை இறக்கிவிட்டேன். அம்மா உருளைக்கிழங்கு நட்டாயிற்று, முதுகு வலிக்கிறது என்கிறாள், சொன்னால் கேட்க மாட்டாள். உனக்குச் சொல்ல ஒரே புத்திமதிதான் பாக்கி, பனிக்கால ஆணி டயரை இன்னும் மாற்றாவிட்டால் மாற்று, கோபத்தில் அதை மறந்திருப்பாய். ஜூன் மாதம் யூகன்னுஸ் பண்டிகை விடுமுறைக்கு வா. வரும்போது எனக்கு நாலு ஜாடி கொண்டுவா, சந்தை விலைதான் தருவேன், அதையும் எழுதிக்கொள்.

எங்கே இருந்தாலும் இதேபோல் தலை நிமிர்ந்து இரு. நீ என் மகள் என்று சொல்லிக்கொள்ள இந்த மூன்று வாரமாக எனக்கு ஆள் போதவில்லை.

இனிமேல் படித்துவிட்டுக் கத்தப்போகும்,
உன் அப்பா யார்க்கோ