நாற்பது ரூபாய்த் தக்காளி

புதன்கிழமை, இரவு

தூக்கம் வரவில்லை. நேற்றைய வீடியோவில் அப்படிச் சவால் விட்டிருக்கக் கூடாது.

“வீடியோ போட்டே லட்சம் லட்சமா சம்பாதிச்சுட்டு, நூறு ரூபாய்ச் சமையல்னு ஏழை வேஷம் போடுது” என்று என் சமையல் வீடியோக்களுக்குக் கமெண்டில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். போர்ட் பிளேயரில் நான் சொல்லும் நாற்பது ரூபாய்க்கு ஒரு கிலோ தக்காளி ஏது என்றும் கேட்டார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நம்பலைன்னா அபர்டீன் பஜார்ல நான் வாங்குற கடையிலயே போய்க் கேளுங்க” என்று கடையையும் காட்டிவிட்டேன்.

இன்று மாலை அங்கே போனேன். சரக்கு ஷிப் வராததால் தக்காளி அரைக்கூடைதான் இருந்தது. எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் கடைக்கார அண்ணன் கிலோவுக்கு எண்பது வாங்கினார். என்னிடம் வழக்கம்போல நாற்பது.

“என்னண்ணே இது?”

“உங்களுக்கு எப்பவும் பாதி விலைதாம்மா. வீடியோல நம்ம கடையைக் காட்டுறீங்கள்ல?”

இத்தனை நாள் நான் சொன்ன கணக்கெல்லாம் பொய்யா? வீடியோவை நீக்கிவிட்டால் பயந்து ஓடிவிட்டாள் என்பார்கள். போதாததற்கு, புகார் கொடுக்க உன் புருஷன் எந்த ஆபீஸ் என்று கமெண்டில் ஒருவன் கேட்டிருக்கிறான். வீட்டில் இவரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அரே, டென்ஷன் மத் லோ, கவலைப்படாதீங்க. யார் வந்து கேட்டாலும் நாற்பதுன்னே சொல்லிடுறேன்” என்றார்.

அவர் சொல்லிவிடுவார். கேட்டவர்கள் உடனே பையை நீட்டி, “அப்ப எனக்கு ரெண்டு கிலோ போடுங்க” என்பார்களே.