திரை போடாத வெள்ளிக்கிழமை

ஜூலை 28, திங்கள்

புகைமூட்டம். சூரியன் மங்கலாக. கோயில் வேலையை முடித்துவிட்டு கிள்ளானிலிருந்து ரயிலில் பிரிக்பீல்ட்ஸ். வழியில் இரண்டு ஸ்டேஷனில் இறங்கிக் கழிப்பறைக்கு ஓட்டம்.

டயட்டீஷியன் மிஸ் ராதா. சின்ன வயது, பொறுமைசாலி. குடலுக்குள் விட்டுப் பார்த்த ஸ்கோப்பில் புண் இல்லை, கட்டி இல்லை. கோபக்காரக் குடல், அவ்வளவுதானாம்.

"வெங்காயம், பூண்டை முதல்ல நிறுத்தணும் சாமி."

"தீட்சை வாங்கின நாள்லேர்ந்து தொட்டதில்ல மிஸ். பதினாறு வருஷம்."

பாவம், அவளுக்கு ஏமாற்றம். அடுத்த தாளை எடுத்தாள். பருப்பு, கடலை, பால், தயிர், ரவை, கோதுமை, தேன், மாம்பழம், காலிபிளவர். வேண்டாம், வேண்டாம், வேண்டாம். அம்மனுக்குப் படைப்பது எதுவும் எனக்கு ஆகாது.

"என்ன சாப்பிட்டீங்க, எத்தனை தடவ போனீங்க, தினமும் எழுதுங்க."

அவளிடம் காட்ட வேறு தாள். இது எனக்கு. போ = போனது. கு = குளித்தது. இரண்டாவதை அவள் கேட்கவில்லை. தண்டாஸுக்குப் போன பூசாரி தலைமுழுகாமல் கருவறைக்குள் கால் வைக்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு தடவையும் குளியல்.

நேற்று: போ 6, கு 6. முதுகில் தோல் உரிகிறது.

ஜூலை 31, வியாழன்

காலை: கஞ்சி, உப்பு.
மதியம்: சோறு, கேரட்.
இரவு: அரிசி மீ நூடுல்ஸ், கத்தரிக்காய். மனைவி மீனா, இதைப் போடவா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பரிமாறினாள்.

நடுவில் பூச்சோங்கிலிருந்து ஆன்டி ஒருவர் ரவா கேசரியோடு. மகனுக்கு வேலை கிடைத்த வேண்டுதல்.

"நீங்க வாயில வச்சாத்தான் சாமி எனக்கு மனசு நிறையும்."

ஒரு வாய் என்றேன். நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று கரண்டி. அவருக்கு மனசு நிறைந்தது.

போ 4, கு 4.
இல்லை, 5.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆடி மூன்றாம் வெள்ளி. நேற்றிரவு முதல் பச்சைத் தண்ணீர் மட்டும். அபிஷேகம் தாண்டிவிட்டேன். அலங்காரத்துக்குத் திரையை இழுத்துவிட்டதும் வயிறு பிடித்தது.

இந்தத் திரைதான் ஒரு வருஷமாக என்னைக் காப்பாற்றுகிறது. இழுத்து மூடினால் கால் மணி நேரம் யாரும் கேட்கமாட்டார்கள். வெளியே உறுமியும் பாட்டும். பின்கதவால் ஓடி, முடித்து, நாலு வாளி தலையில் ஊற்றி, ஈர வேட்டியோடு உள்ளே வந்து, ஐந்து நிமிடத்தில் அம்மனுக்குச் சேலை கட்டிவிடுவேன். சந்தனம் கோணலாகத்தான் இருக்கும்.

கோயில் தலைவர் குணா இன்று பிடித்துக்கொண்டார்.

"என்ன சாமி, திரை போட்டு இருபது நிமிஷம் ஆச்சு. ஜனங்க நிக்குதுங்க லா."

"நகை மாட்டினேன் தலைவரே."

பொய். வெள்ளிக்கிழமை, ஈரத் தலையோடு, அம்மன் முன்னால்.

போ 3, கு 3.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மூன்று நாளாக சோறு, கேரட், உப்பு. வேறு ஒன்றுமே இல்லை. போ 1, கு 1! மிஸ் ராதா நன்றாக இருக்க வேண்டும். துண்டைக்கூட நிதானமாகக் காயப்போட்டேன்.

மாலையில் தலைவர். கடைசி வெள்ளி நூற்றெட்டு சங்காபிஷேகமாம். இரண்டரை மணி நேரம். அபிஷேகம் முடியும்வரை திரை கிடையாது.

"நம்ம தொகுதி ஒய்.பி. வராரு. பேஸ்புக்ல லைவ் போடுறோம். உங்களுக்கு ஒத்தாசையா ரவாங்லேர்ந்து ஐயர கூப்பிட்டிருக்கேன். இந்தியாலேர்ந்து வந்தவரு. மந்திரம் கணீர்னு இருக்கும்."

ஒத்தாசையா, ஆள் மாற்றவா? கேரி தீவு எஸ்டேட் பண்டாரத்தின் மகன் நான். என் மந்திரமும் கணீரென்றுதான் இருந்தது, வயிறு கெடும்வரை. குடியிருக்கும் வீடும் கோயிலுடையது.

அவர் ஏறிப் போன காடி கேட்டைத் தாண்டவில்லை, அதற்குள் வயிறு. இத்தனைக்கும் சாப்பிட்டது அதே சோறு, அதே கேரட். பயத்தை எந்தப் பட்டியலில் எழுதுவது?

போ 3, கு 3.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் முடியவில்லை.

நேற்று மாலை முதல் கிள்ளானில் தண்ணீர்த் தடை. கோயில் தொட்டி பாதியில் நின்றது. காலையிலேயே இரண்டு தடவை போய், இரண்டு தடவை குளித்து, அடிவரை நானே காலி செய்துவிட்டேன். அலங்காரத் திரை போட்டதும் மூன்றாவது. கால் கழுவ ஒரு சின்ன வாளி. அதோடு சரி. குழாயைத் திருகினால் காற்று. மீதி இருந்ததெல்லாம் கருவறை வாசலில், அம்மன் அபிஷேகத்துக்கு வைத்த டிரம்மில். அதை எடுக்க முன்பக்கமாக, எல்லார் கண்ணிலும் பட்டுத்தான் போக வேண்டும்.

வெளியே பாட்டு முடிகிற இடம். தலைவர் குரல்.

தலையில் நாலு சொட்டு தெளித்துக்கொண்டேன். விபூதியை அள்ளிப் பூசிக்கொண்டேன். உள்ளே போனேன். அம்மனைத் தொட்டேன். சேலை கட்டினேன். தீபாராதனை காட்டினேன். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கோயிலுக்கு மாலை கட்டும் கமலா அக்கா பூக்கூடையோடு திரையோரத்தில் உட்கார்ந்திருந்தார். என் வேட்டியைப் பார்த்தார். காய்ந்த வேட்டி.

போ 3, கு 2.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கமலா அக்கா மாலையை என் கையில் தரவில்லை. படியில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். குங்குமம் நீட்டினேன். "கை ஈரமா இருக்கு சாமி" என்றார். கை ஈரமாக இல்லை. அவர் தலைவரிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம். அது இதைவிடத் தேவலை.

விடியற்காலையே தீட்டுக் கழியத் தனியாகப் புண்ணியாகவாசனம் செய்து கருவறை முழுக்கத் தெளித்தேன். மனம் ஆறவில்லை. மீனாவிடம் எல்லாம் சொன்னேன்.

அழுதாள். பிறகு, "யார்கிட்டயும் வாயத் திறக்காதீங்க. மகளுக்கு இந்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை. வீட்ட விட்டுட்டு எங்க போய் நிக்கிறது?"

அவள் சொல்வது நியாயம். அதுதான் கஷ்டம்.

தண்ணீர் வந்துவிட்டது. கலங்கல்.

ஆகஸ்ட் 13, புதன்

வெள்ளிக்கான ஏற்பாடு:
- இன்று மதியம் கடைசிச் சோறு
- நாளை கஞ்சித்தண்ணீர் மட்டும்
- டாக்டர் கொடுத்த நிறுத்துகிற மாத்திரை, வெள்ளி காலை இரண்டு
- பெரியவர்கள் கட்டும் பெம்பர்ஸ், ஒரு பாக்கெட்

கடைசியை வாங்க மூன்று தெரு தள்ளி, என்னைத் தெரியாத மருந்துக்கடைக்குப் போனேன். கவுண்டர்ப் பெண் கேட்டாள்: "அப்பாவுக்கா அண்ணே?"

"ஆமாம்மா."

"எம் சைஸா, எல் சைஸா?"

அப்பா இறந்து பன்னிரண்டு வருஷம். எம் என்றேன்.

மீனா பீரோவில் ஒளித்து வைத்தாள். கட்டிக்கொண்டால் வெளியே ஓட வேண்டாம், யாருக்கும் தெரியாது. ஆனால் அம்மன் காலடியிலேயே, சங்கைக் கையில் வைத்துக்கொண்டே நடந்துவிட்டால்? நினைக்கவே உடம்பு கூசுகிறது. கட்டாமல் போனால் வீடு போகும். கட்டினால் நான் இனி எதற்குப் பூணூல் போட்டுக்கொள்வது?

போ 2, கு 2.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையில் மீனா அதை மடித்து வேட்டிக்குள் வைத்துக் கொடுத்தாள். வேட்டியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கூட்டம் வாசல்வரை. கேமரா இரண்டு. ஒய்.பி. முன்வரிசை. ரவாங் ஐயர் என் வலப்பக்கம், உண்மையிலேயே கணீர்க் குரல். முப்பது சங்குவரை ஒன்றுமில்லை. நாற்பதில் முறுக்கியது. பல்லைக் கடித்தேன். ஐம்பதில் விட்டது, அப்பாடா என்றேன். அறுபத்திரண்டாவது சங்கைத் தூக்கும்போது தெரிந்துவிட்டது. இனி ஒரு நிமிடம்கூட இல்லை.

சங்கை ஐயர் கையில் கொடுத்தேன். கழுத்தில் மைக் இருந்ததை மறந்துபோனேன். "எனக்கு வயிறு சரியில்ல. இனி நான் அம்மன தொடக் கூடாது" என்றது கோயில் முழுக்கக் கேட்டது. லைவிலும் போயிருக்கும்.

கூட்டம் வழிவிட்டது. யாரோ, "அய்யோ, பாவம்." யாரோ சிரித்தார்கள். தலைவர் கேமராக்காரரிடம் நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

போய், தலைமுழுகி வந்தபோது எண்பதைத் தாண்டியிருந்தது. ஐயர் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் உள்ளே போகவில்லை. கூட்டத்தோடு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கும்பிட்டேன்.

பூசை முடிந்ததும் தலைவர் வந்தார். குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே புரிந்தது.

"நாளைக்கு கமிட்டி கூடுது சாமி. பத்து மணிக்கு வந்துருங்க."

மீனா பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். மகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எதையும் படிக்கவில்லை. எனக்கோ பசி. ஒரு வருஷமாக இப்படிப் பசித்ததில்லை. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

"பருப்பு இருக்கா?"

மீனா என்னையே பார்த்தாள். "மிஸ் வேணான்னு சொன்னாங்களே."

"நாளைக்கு நான் யாரத் தொடணும்?"

வேகவைத்துப் போட்டாள். நெய்யும் விட்டாள். இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.